பெல்லட் கமாடோ மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்து சரிசெய்யும் வழி

ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருக்களையும் சேர்த்தால், மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளான பெல்லட்டில் எரியும் கமாடோ (முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு) ஏழு வீடுகளில் இருக்கிறது. ஒன்று என்னுடையது. மற்ற ஆறையும் ஒரு தடவையாவது நான் பிரித்து மாட்டியிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் போன் அடித்தால் பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, அடுப்பு பத்த மாட்டேங்குது. மதியம் ஆளுங்க வர்றாங்க."

இத்தனை தடவை பார்த்ததில் தெரிந்தது இது. பெரும்பாலும் உறுப்பு எதுவும் கெட்டிருக்காது. சாம்பல் அடைத்திருக்கும், இல்லையென்றால் பெல்லட் ஈரம் குடித்திருக்கும். ஆனால் எல்லோரும் முதல் வேலையாகப் புது இக்னைட்டருக்கு ஆர்டர் போடுகிறார்கள். அது வந்து சேர்வதற்குள் விருந்து போய்விடும், பழுதும் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி, காசு பிடிக்கும் காரணம் வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வெளித்தோற்றம் மாறும். உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: பெல்லட் கொட்டும் ஹாப்பர், அதை உள்ளே தள்ளும் திருகான ஆகர், பெல்லட் விழுந்து எரியும் தீக்கிண்ணம், பற்றவைக்கும் இக்னைட்டர், காற்றடிக்கும் விசிறி, சூட்டை அளக்கும் புரோப், இத்தனையையும் ஆட்டிவைக்கும் கண்ட்ரோலர்.

தொடங்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பொத்தானில் அணைத்தால் போதாது. சாம்பலில் கை வைக்கும் முன் கடைசியாகச் சமைத்து ஒரு முழு நாள் ஆகியிருக்க வேண்டும். பீங்கான் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். வெளியே தொட்டால் ஆறியது போல இருந்தாலும் சாம்பலுக்குள் கங்கு கிடக்கும். எங்கள் தெருவில் ஒருவர் சனி இரவு சமைத்துவிட்டு ஞாயிறு காலை வேக்யூமை உள்ளே விட்டார். மதியம் கராஜில் வேக்யூம் தானாகப் புகைந்துகொண்டிருந்தது. நல்லவேளை, வீட்டில் ஆள் இருந்தார்கள். அவசரமாகச் சாம்பலை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கரண்டியால் எடுத்து, மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள்.

அப்புறம், எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டையும் செய்யுங்கள். தீக்கிண்ணத்தைக் காலி செய்து, அதன் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். பிறகு ஹாப்பரின் அடியிலிருந்து நாலு பெல்லட்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்ல பெல்லட்டின் மேல்தோல் பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் டக்கென்று சத்தம் வரும். ஈரம் குடித்தது மங்கலாக, ஒரு சுற்று பருத்திருக்கும். விரலால் நசுக்கினாலே தூளாகும். அப்படி இருந்தால் ஹாப்பர் முழுவதையும் காலி செய்ய வேண்டியதுதான். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஊதிய பெல்லட் பழையபடி இறுகாது.

திரை இருட்டு, சத்தமே இல்லை

பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதிலும் மின்சாரம் வரவில்லையென்றால் அடுப்பில் குறை இல்லை. இங்கே வெளிப்புறப் பாயிண்ட்கள் பலவும் மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற, டெஸ்ட், ரீசெட் பொத்தான் உள்ள ஜி.எஃப்.சி.ஐ. பாயிண்ட் ஒன்றோடு கோர்த்திருக்கும். அந்தப் பொத்தான் கராஜிலோ குளியலறையிலோகூட இருக்கலாம். தேடிப் பிடித்து ரீசெட் அழுத்துங்கள்.

சார்ஜர் வேலை செய்தால் அடுத்தது நீட்டிப்பு வயர். அதை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள். அதுவும் இல்லையென்றால் கண்ட்ரோலரின் பின்னால் இருக்கும் ஃபியூஸ். பெரும்பாலும் 5 ஆம்ப். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அளவில் மாற்றுங்கள், பெரியது போடக் கூடாது.

புது ஃபியூஸும் உடனே போனால் பிளக்கைப் பிடுங்கி, இக்னைட்டரின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். இப்போது ஃபியூஸ் போகாமல் இருந்தால் கோளாறு இக்னைட்டரில். அப்போதும் போனால் விசிறி, மோட்டார், போர்டு என்று எதுவாகவும் இருக்கலாம். அங்கே நிறுத்திவிட்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள்.

போட்ட சில நொடியில் ஜி.எஃப்.சி.ஐ. விழுகிறது

மழைக்குப் பிறகு என்றால் ஈரம்தான். இக்னைட்டரின் குழலுக்குள் ஈரம் புகுந்து மின்சாரம் கசிகிறது. மூடியைத் திறந்து வைத்து ஒரு நாள் உலர விடுங்கள். பிறகும் விழுந்தால், மேலே சொன்னது போல இக்னைட்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இப்போது விழாமல் இருந்தால் இக்னைட்டரை மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பாயிண்ட் விழுகிறதே என்று வீட்டுக்குள் இருக்கும் சாதாரணப் பாயிண்டிலிருந்து வயர் இழுத்து ஓட்டுகிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஆளைக் காப்பாற்றுவது அந்த விழும் பாயிண்ட்தான். வேறு சாதனம் செருகினாலும் விழுகிறது என்றால் எலக்ட்ரீஷியன் வேலை.

விசிறி ஓடுகிறது, தீ வரவில்லை

சமைக்கும் தட்டையும், அதற்கும் தீக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்பையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துத் தீக்கிண்ணத்தைப் பாருங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

கிண்ணத்தில் பெல்லட்டே இல்லை

ஹாப்பரைத் திறந்து கையை விடுங்கள். மேலே பார்த்தால் பாதி நிறைந்திருக்கும், ஆனால் நடுவில் ஆகருக்கு நேர் மேலே கிணறு போலக் குழி விழுந்து, பெல்லட் சுற்றிலும் சுவராக நின்றிருக்கும். கலைத்துவிட்டால் ஓடும். ஹாப்பரின் அடியில் சேரும் மரத்தூள்தான் இப்படிப் பிடித்து நிறுத்துகிறது, அதையும் உறிஞ்சி எடுங்கள்.

முழுக்கக் காலியாகி மறுபடி நிரப்பியிருந்தால், ஆகர் குழாய் நிறையச் சில நிமிடம் பிடிக்கும். பல மாடல்களில் முன்கூட்டியே பெல்லட் ஊட்டும் வசதி உண்டு. முதல் பெல்லட் கிண்ணத்தில் விழுந்ததும் அதை நிறுத்திவிடுங்கள்.

ஆகர் சுற்றவே இல்லையென்றால் அடைப்பு. போன ஆகஸ்டில் ஒரு வீட்டில் மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்திருந்தார்கள், ஹாப்பரில் பெல்லட் அப்படியே கிடந்தது. ஹூஸ்டன் புழுக்கம் தெரியும்தானே. ஆகர் கல்லாக இறுகி நின்றது. மோட்டாரைக் கழற்றி, திருகின் பின்முனையைப் பிளையரால் பிடித்து முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, கால் சுற்றாக ஆட்டி, நீள ஸ்க்ரூ டிரைவரால் கொத்தி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த மரத்தூள் கட்டி முறுக்கு மாதிரி திருகின் வடிவத்திலேயே இருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைக்கலாமா என்று அவர் கேட்டார். ஊற்றினால் இன்னும் ஊதி இறுகும். உலர்ந்தபடியே கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

மோட்டார் சுற்றி, திருகு சுற்றாமல் இருந்தால் இரண்டையும் இணைக்கும் சிறிய போல்ட் அறுந்திருக்கும். சிக்கினால் மோட்டார் தப்பிக்க வேண்டும் என்றுதான் அந்த போல்ட்டை மெல்லியதாக வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த தடித்த போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அடைப்பும் இல்லை, போல்ட்டும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் புது மோட்டார்.

பெல்லட் விழுந்து கிடக்கிறது, பற்றவில்லை

சாம்பல் இக்னைட்டரின் நுனியை மூடியிருக்கும். சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பெல்லட் ஈரம். இரண்டும் இல்லையென்றால், காலியான கிண்ணத்தோடு அடுப்பைப் போட்டு எட்ட நின்று சில நிமிடம் கவனியுங்கள். இக்னைட்டரின் நுனி சிவக்க வேண்டும், இருட்டில் நன்றாகத் தெரியும். தொட்டுப் பார்க்காதீர்கள்.

சிவக்கவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம்ஸில் வையுங்கள். 120 வோல்ட் இக்னைட்டர் 200 வாட் என்றால் 72 ஓம் அளவுக்கு வரும், 300 வாட் என்றால் 48. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது, புதிது வாங்குங்கள். நாலு ஸ்க்ரூதான், நீங்களே மாட்டலாம். சில புது மாடல்களில் குறைந்த வோல்ட் இக்னைட்டர் இருக்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, உடம்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஓம் சரியாக இருந்தும் சிவக்கவில்லையென்றால் கண்ட்ரோலர் மின்சாரம் அனுப்பவில்லை. அது சர்வீஸ் ஆள் வேலை.

பற்றாத கோபத்தில் மண்ணெண்ணெயோ லைட்டர் திரவமோ ஊற்ற வேண்டாம்.

பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

இரவெல்லாம் பிரிஸ்கட் (மாட்டின் நெஞ்சுக் கறி) போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் திரையில் 140 டிகிரி. (இங்கே சொல்வதெல்லாம் பாரன்ஹீட்.) எனக்கு அப்படி நடந்த அன்று முழுப் பை போட்டிருந்தேன், ஆனால் நடுவில் அதே கிணறு. அன்றிலிருந்து தூங்கப் போகும் முன் ஹாப்பரை ஒரு தடவை கையால் கலைத்துவிட்டுத்தான் போகிறேன்.

கிணறு இல்லையென்றால் கிண்ணத்தின் ஓட்டைகள், பிறகு மூடியின் உச்சியில் காற்று வெளியேறும் மேல் துளை. கரிக் கமாடோவில் மேல் துளையை மூடி மூடித்தான் சூட்டைக் குறைப்போம். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் இங்கேயும் கீற்றளவு திறந்து வைக்கிறார்கள். இங்கே விசிறி உள்ளே தள்ளும் காற்று வெளியே போக வழி வேண்டும். வழியில்லாமல் போனால் தீ மூச்சு முட்டி அணையும். கையேட்டில் சொன்ன அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, சூட்டைக் கண்ட்ரோலரின் பொறுப்பில் விடுங்கள்.

அடுத்து விசிறி. இறக்கைகளில் தூசும் எண்ணெயும் பிசுக்காகப் படிந்திருக்கும், பழைய டூத் பிரஷ் போதும். சத்தம் போட்டு மெதுவாகச் சுற்றினால் மாற்றுங்கள். எல்லாம் சரி, 180 மாதிரி மிகக் குறைந்த சூட்டில் மட்டும் அணைகிறது என்றால் 225க்கு ஏற்றிப் பாருங்கள். பீங்கான் சூடாகிவிட்டால் அடுப்புக்குத் தேவைப்படும் பெல்லட் மிகக் குறைவு. ஊட்டும் இடைவெளி நீண்டு, தீ பட்டினியில் அணைகிறது. இடைவெளியை மாற்றும் அமைப்பு உள்ள கண்ட்ரோலர் என்றால் ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

இதில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அணைந்த அடுப்பைத் திறந்து பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்வது. தீ போன பிறகும் ஆகர் ஊட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும், கிண்ணம் வழிய பெல்லட் கிடக்கும். அத்தனையும் சேர்ந்து புகைந்து, அந்தப் புகை மொத்தமாகத் தீப்பிடித்தால் கனமான பீங்கான் மூடியே தூக்கி அடிக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள், ஆறட்டும், கிண்ணத்தைக் காலி செய்யுங்கள், அப்புறம் முதலிலிருந்து பற்றவையுங்கள். ஏற்கெனவே கெட்டியான வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டிருந்தால் மூடிப் பக்கம் போகாதீர்கள். புகை அடங்கும் வரை குழந்தைகளோடு எட்டவே நில்லுங்கள்.

சூடு எகிறிவிட்டது, இறங்க மாட்டேன் என்கிறது

தகரப் பெல்லட் அடுப்பில் பத்து நிமிடத்தில் சரியாகிற விஷயம், பீங்கானில் ஒரு மணி நேரம்கூட எடுக்கும். சுவர் குடித்த சூடு அப்படி.

முதல் காரணம் மூடியைத் திறந்து வைப்பது. மூடி திறந்ததும் புரோப் குளிர்கிறது, கண்ட்ரோலர் பெல்லட்டை அள்ளிப் போடுகிறது, மூடியதும் எல்லாம் சேர்ந்து எரிகிறது. சூடு அதிகமாகிவிட்டதே என்று மறுபடி திறந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். குறைந்த அளவில் வைத்துவிட்டு மூடியைத் தொடாமல் இருங்கள். 225 என்று குறித்தது 275 ஆனாலும் பிரிஸ்கட் கெடாது, கொஞ்சம் சீக்கிரம் வேகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, சீக்கிரம் சூடேறட்டும் என்று 400இல் வைத்துவிட்டு 225க்கு இறக்குவது. பீங்கானில் இது நடக்காது. வேண்டிய சூட்டையே முதலில் வையுங்கள்.

மூன்றாவது புரோப். கரியும் எண்ணெயும் போர்வை மாதிரி படிந்தால் உள்ளே இருக்கும் சூடு அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். ஈரத் துணியால் துடையுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் கழற்றி மல்டிமீட்டரில் வையுங்கள். பிளாட்டினம் புரோப்பில் ஒரு வகை அறை வெப்பத்தில் 1100 ஓம் அளவுக்குக் காட்டும், இன்னொரு வகை 110. இரண்டுக்கும் ஒட்டாத எண் வந்தால் உங்கள் மாடலில் எந்த வகை என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மூடியின் முள் மீட்டரும் திரையும் வேறு வேறு எண் காட்டுவதைப் பார்த்து புரோப்பைக் கழற்ற வேண்டாம். இரண்டும் வேறு உயரத்தில் இருக்கின்றன, வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். முள் மீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி வைத்தால் ஹூஸ்டன் மாதிரி கடல் மட்ட ஊரில் 212 காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பின்னால் இருக்கும் நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

சூடு ஏறவே மாட்டேன் என்கிறது

சாம்பல், ஈரப் பெல்லட், ஹாப்பர் கிணறு: இதே வரிசைதான். அப்புறம் நேரம். கனத்த பீங்கான் சூடேற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். நீளமான மெல்லிய நீட்டிப்பு வயரும் விசிறியை மந்தமாக்கும். இவை எதுவும் இல்லையென்றால் மூடி வழியாகக் கசிகிறதா என்று பாருங்கள். சோதனை கீழே இருக்கிறது.

கெட்ட புகை, கசக்கும் கறி

தொடக்கத்தில் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. மெலிந்து, நீலம் பாய்ந்த பிறகுதான் இறைச்சியை வையுங்கள். விடாமல் வெள்ளையாக வந்தால் மேல் துளை, ஈரப் பெல்லட், சாம்பல் என்று பாருங்கள். வெப்பத் தடுப்பில் பழைய கொழுப்பு எரிந்தாலும் இதே கசப்பு வரும். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு விற்கிற பெல்லட்டைச் சமையலுக்குப் போடவே கூடாது. பையில் சமையலுக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

ஹாப்பரிலிருந்து புகை வருகிறது

இதில் சோதனை எதுவும் கிடையாது. தீ ஆகர் குழாய் வழியாகப் பின்னுக்கு ஏறி வருகிறது. ஆட்களை விலக்குங்கள். கை சுடாமல் எட்டினால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஹாப்பர் மூடியையும் அடுப்பு மூடியையும் திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்: மின்சாரம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, சூடான பீங்கானும் வெடிக்கும். உலர் பவுடர் தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். சுடர் தெரிந்தாலோ அடுப்பு வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தாலோ உடனே 911.

ஆறிய பிறகு காரணத்தைத் தேடுங்கள். நான் பார்த்த இரண்டு தடவையும் ஒரே காரணம்தான்: சமையல் முடிந்ததும், கரிக் கமாடோவில் செய்வது போல, பிளக்கைப் பிடுங்கி மேல் துளையை மூடியது. கரிக்கு அது சரி. பெல்லட்டுக்கு அணைக்கும் பொத்தானை அழுத்தி, துளையைத் திறந்தே வைத்து, விசிறி தானாக நிற்கும் வரை விட வேண்டும். கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை அதுதான் எரித்து முடிக்கிறது. மின்வெட்டு அடிக்கடி வருகிற பகுதி என்றால் சிறிய பேட்டரி யு.பி.எஸ். ஒன்று மாட்டுங்கள், இக்னைட்டரின் வாட்டையும் தாங்குகிற அளவில்.

தீ ஹாப்பர் வரை போயிருந்தால் வயர்களைத் தொழில் தெரிந்தவர் பார்க்காமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.

மூடி, கேஸ்கெட், விரிசல்

ஒரு டாலர் நோட்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கசிவு. விளிம்பில் ஒட்டியிருக்கும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றும் முன், மூடியையும் அடிப்பகுதியையும் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டையின் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி அது தளர்ந்துவிடும், மூடி ஒரு பக்கம் சரிந்திருக்கும். தளர்ந்த பட்டையோடு திறந்தால் மூடி கழன்று காலில் விழலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள்.

மேல் பூச்சில் முடி போன்ற கோடுகள் வந்தால் பயப்பட வேண்டாம், பூச்சோடு நிற்கும். உள்ளே தீ எரியும் அறை இரண்டாகப் பிளந்தால் அந்தத் துண்டை மட்டும் வாங்கி வைக்கலாம். வெளி ஓட்டில் நகம் மாட்டுகிற அளவு விரிசல் இருந்தாலோ, அது வழியாகப் புகை வந்தாலோ அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். படம் எடுத்து, ரசீதோடு உத்தரவாதத்துக்கு எழுதுங்கள். சிமெண்ட், எபாக்சி பூசும் வேலை வேண்டாம். பல நிறுவனங்கள் பீங்கானுக்கு நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன, நீங்களே பூசியதைப் பார்த்தால் மறுத்துவிடலாம்.

2021 பிப்ரவரி உறைபனியில் எங்கள் பக்கம் இரண்டு அடுப்பு பிளந்தது. இரண்டும் மழை நீர் இறங்கிய நிலையில் உறை போடாமல் நின்றவை. பீங்கானில் ஊறிய தண்ணீர் உறைந்தால் விரியும். உறைபனி எச்சரிக்கை வந்தால் அடுப்பு உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, உறை போட்டு மூடுங்கள்.

உள்ளே பூஞ்சை

மூடியே வைத்த அடுப்பில் ஒரு மாதத்தில் தட்டு முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் படர்ந்திருக்கும். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், பீங்கான் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் ஹாப்பரைக் காலி செய்யுங்கள், ஏனென்றால் அந்தப் பெல்லட்டும் ஈரம் குடித்திருக்கும். புதுப் பெல்லட் போட்டு 400இல் ஒரு மணி நேரம் வெறுமனே எரியவிட்டு, முழுக்க ஆறிய பிறகு தட்டைப் பிரஷ்ஷால் தேயுங்கள். மிச்சப் பெல்லட்டை இறுக்கமான மூடியுள்ள 5 காலன் வாளியில் கொட்டி வீட்டுக்குள் வையுங்கள். 20 பவுண்டு பை ஒன்று அதில் அடங்கும்.